498-ஏ, 323-ல் தண்டனை ஆன பிறகு: செஷன்ஸ் கோர்ட் அப்பீலில் எங்கே வழுக்குகிறது

குற்றவியல் வழக்கறிஞர்:

மனைவியை அடித்த வழக்கில் (498-ஏ என்பது கணவர், அவர் உறவினர் செய்த கொடுமை, 323 என்பது சாதாரணக் காயம்) மாஜிஸ்ட்ரேட் தண்டனை கொடுத்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "அப்பீலில் நிற்குமா?" அன்றைக்குக் கேட்க வேண்டியது அது இல்லை. சாயங்காலம் ஆள் வீட்டுக்குப் போவாரா, ஜெயிலுக்குப் போவாரா என்பதுதான்.

தண்டனை 3 வருஷத்தைத் தாண்டாமல் இருந்து, விசாரணை முழுக்க ஆள் ஜாமீனில் இருந்திருந்தால், தண்டித்த மாஜிஸ்ட்ரேட்டே அப்பீல் போட அவகாசம் கொடுத்து வெளியே விடலாம். பழைய குற்றவியல் விசாரணை முறைச் சட்டத்தில் (கு.வி.மு.ச.) 389(3), அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) இப்போது 430(3). இதற்கான மனுவைத் தீர்ப்புக்கு முதல் நாளே டைப் அடித்துக் கையில் வைத்திருக்க வேண்டும். ஜாமீன்தாரர் இரண்டு பேரும் ஆதார், வீட்டு வரி ரசீதோடு கோர்ட் வளாகத்திலேயே காத்திருக்க வேண்டும். தீர்ப்பு மதியம் 3 மணிக்கு மேல் வாசிக்கப்பட்டு, ஜாமீன்தாரர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தால், மனு அனுமதியானாலும் ஆள் ராத்திரி உள்ளேதான்.

அபராதத்தை அன்றே கட்டிவிடுங்கள். தீர்ப்பின் கடைசி வரியில் "கட்டத் தவறினால் மேலும் இத்தனை மாதம்" என்று இருக்கும். சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்தாலே அபராதமும் நின்றுவிட்டது என்று நினைப்பது தப்பு. அதை நிறுத்த வேண்டுமானால் மனுவில் தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. மாஜிஸ்ட்ரேட் கொடுக்கிற அவகாசம் பெரும்பாலும் 30 நாள். அதற்குள் அப்பீலைத் தாக்கல் செய்துவிட்டால் போதும் என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அப்பீல் தாக்கலாவது வேறு, செஷன்ஸ் நீதிபதி தண்டனையை நிறுத்தி வைப்பது வேறு. அது 430(1)-ல் தனி மனு. அந்த உத்தரவு கைக்கு வந்து, மறுபடியும் மாஜிஸ்ட்ரேட் முன் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் வேலை முடிந்தது. நடுவில் அவகாசம் தீர்ந்துபோனால் பிடிவாரண்ட்.

வழக்கறிஞர் குமாஸ்தா:

நாள் கணக்கு பற்றி. மாஜிஸ்ட்ரேட் தீர்ப்புக்கு எதிராக செஷன்ஸ் கோர்ட் போக 30 நாள், காலவரையறைச் சட்டம் 1963, அட்டவணையின் 115-வது உறுப்பு. செஷன்ஸ் கோர்ட்டே தண்டித்து ஹைகோர்ட் போகிறதென்றால் 60 நாள்.

தீர்ப்பு நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மார்ச் 3 தீர்ப்பு என்றால் 4-ம் தேதி முதல் நாள், ஏப்ரல் 2 முப்பதாவது நாள். சான்றிட்ட நகல் எடுக்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். அந்த நாட்களை எங்கே பார்ப்பது? நகலின் பின்பக்கத்தில். மனு போட்ட நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டணம் கட்டிய நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள் என்று முத்திரையில் வரிசையாக இருக்கும். கோர்ட் கேட்ட பிறகு கட்டணம் கட்டாமல் நாம் இழுத்தடித்த நாட்கள் கழியாது. நகல் தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாட்களும் கழியாது. இந்த இரண்டு இடத்தில்தான் கணக்கு தவறி, "ஐயா, இன்னும் மூணு நாள் இருக்குன்னு நினைச்சோம்" என்று வந்து நிற்பார்கள்.

சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பு நகல் ஒன்று இலவசமாக, தாமதமில்லாமல் குற்றவாளிக்குக் கொடுத்தாக வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 404. அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் தீர்ப்பு மட்டும் வைத்து அப்பீல் காரணம் எழுத முடியாது. சாட்சியங்கள், சான்றாவணங்கள் எல்லாவற்றுக்கும் தனியாக நகல் மனு போட வேண்டும்.

நாள் தாண்டிவிட்டால் காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 5-ல் தாமத மன்னிப்பு மனு. "உடல்நிலை சரியில்லை" என்று ஒரே வரியில் எழுதினால் திருப்பிவிடுவார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ன காரணம், அதற்கு என்ன காகிதம் என்று பிரமாணப் பத்திரத்தில் இருக்கட்டும்.

ஆள் உள்ளே இருந்தால் ஜெயில் கண்காணிப்பாளர் மூலமாகவே அப்பீல் அனுப்பலாம், பி.என்.எஸ்.எஸ். பிரிவு 424. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

குற்றவியல் வழக்கறிஞர்:

குமாஸ்தா அண்ணன் சொன்னதோடு ஒரு விதிவிலக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியிருந்தால் அப்பீலில் "நான் செய்யவில்லை" என்று ஆரம்பிக்க முடியாது. தண்டனையின் அளவு, சட்டப்படி அது செல்லுமா, இந்த இரண்டு மட்டும்தான் பேசலாம். "ஒத்துக்கோங்க, ஃபைனோட முடிஞ்சிடும்" என்று யாராவது வராந்தாவில் சொல்லும்போது இது ஞாபகம் இருக்க வேண்டும்.

விசாரணை நீதிமன்றங்களில் நீண்ட காலம் அரசுத் தரப்பில் ஆஜரான வழக்கறிஞர்:

அப்பீல் என்றால் மறுவிசாரணை என்று கட்சிக்காரர்கள் நினைக்கிறார்கள். சாட்சி யாரும் மறுபடி கூண்டேற மாட்டார்கள். கீழ்க்கோர்ட்டிலிருந்து வருகிற வழக்குக் கட்டுதான் பேசும். செஷன்ஸ் நீதிபதி சாட்சியத்தை முழுசாக மறுமதிப்பீடு செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் கட்டுக்குள் இருப்பதைத்தான்.

அந்தக் கட்டில் முதலில் எடுக்க வேண்டிய காகிதம் ஏ.ஆர். காப்பி, அதாவது அரசு மருத்துவமனையில் காயத்தோடு போனதும் பணியில் இருக்கிற டாக்டர் எழுதுகிற விபத்துப் பதிவேட்டின் நகல். அரைப் பக்கம்தான் இருக்கும். அதில் ஒரு வரி: "மாலை 7 மணிக்கு வீட்டில் தெரிந்த ஆண் நபர் ஒருவர் கையால் அடித்ததாக." அதே சம்பவத்துக்குப் புகாரில் கணவர் விறகுக் கட்டையால் அடித்தார், மாமியார் தலைமுடியைப் பிடித்தார், நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டார் என்று இருக்கும். ஒருவர் மூவரானது எப்படி, கை கட்டையானது எப்படி? ஆயுதக் காயத்துக்கான 324 உடைந்து 323 ஆவதும், மாமியாரும் நாத்தனாரும் விடுதலையாகி கணவர் மட்டும் மாட்டுவதும் பெரும்பாலும் இந்த ஒரு வரியால்தான்.

காயச் சான்றிதழை அடுத்துப் பாருங்கள். "கொடுங்காயம்" என்று இருந்தால் எதை வைத்து? எலும்பு முறிவு என்றால் எக்ஸ்ரே படம் சான்றாவணமாகக் குறியீடு ஆனதா, படத்தைப் பார்த்துச் சொன்ன டாக்டர் விசாரிக்கப்பட்டாரா? இரண்டும் இல்லாமல் கொடுங்காயத்துக்கான 325-ல் தண்டனை கொடுத்திருந்தால் அதை 323-ஆகக் குறைக்கச் சொல்லி வாதிட நல்ல இடம் இருக்கிறது. வித்தியாசம் சின்னதில்லை. 325-க்கு 7 வருஷம் வரை, 323-க்கு 1 வருஷம் வரை.

தேதியையும் பாருங்கள். 2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான். அன்றிலிருந்து நடந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.). அதில் 498-ஏ என்பது 85-ம் 86-ம், 323 என்பது 115(2). பொருளும் சில இடத்தில் மாறியிருக்கிறது. கடும் வலி இருக்கிற, அல்லது அன்றாட வேலை செய்ய முடியாமல் போகிற காலம் பழைய சட்டத்தில் 20 நாள் இருந்தால்தான் கொடுங்காயம், புதியதில் 15 நாள். மனுத் தலைப்பில் நடைமுறைச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளையும் எழுதிவிட்டால் அலுவலகத்தில் திருப்பி அனுப்புகிற தலைவலி குறையும்.

குற்றவியல் வழக்கறிஞர்:

சார் சொன்ன "ஒருவர் மூவரானது" வாதத்தில் ஒரு ஓட்டை உண்டு. போலீஸ் வாக்குமூலத்தில் சொல்லாததைக் கோர்ட்டில் சாட்சி சொன்னால், குறுக்கு விசாரணையில் அதைச் சாட்சியிடம் கேட்க வேண்டும். பிறகு புலன் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது "இவர் உங்களிடம் இப்படிச் சொல்லவில்லைதானே?" என்று அவரிடமும் கேட்டுப் பதிய வைக்க வேண்டும். இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் முரண்பாடு நிரூபணமாகவில்லை. அப்பீலில் போலீஸ் வாக்குமூலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எவ்வளவு சத்தம் போட்டாலும் அது சாட்சியம் ஆகாது. அப்பீலில் புதுச் சாட்சியம் சேர்க்க பி.என்.எஸ்.எஸ். 432 இருக்கிறது என்றாலும் விட்ட கேள்வியை நிரப்ப அதைத் தர மாட்டார்கள்.

எடுபடாத வாதங்களையும் சொல்லிவிடுகிறேன், இன்னமும் எழுதுகிறார்கள். "அக்கம்பக்கத்தார் யாரும் சாட்சி சொல்லவில்லை": நாலு சுவருக்குள் நடந்ததற்கு யார் வருவார்கள்? நம்பகமான ஒரே சாட்சி போதும் என்பதுதான் சட்டம். "புகார் 12 நாள் தாமதம்": மகளிர் காவல் நிலையத்தில் முதலில் மனு ரசீது போட்டு, கூப்பிட்டுப் பேசிப் பார்த்து, அதன் பிறகுதான் எஃப்.ஐ.ஆர். குடும்பத் தகராறில் முதற்கட்ட விசாரணையை உச்ச நீதிமன்றமே 2013 லலிதா குமாரி தீர்ப்பில் அனுமதித்திருக்கிறது. "498-ஏ-வில் விடுதலை ஆகிவிட்டது, மீதி 323-க்கு ஒரு வருஷக் காலவரையறை தாண்டிவிட்டது": குற்றங்கள் சேர்த்து விசாரிக்கப்பட்டால் கடுமையான குற்றத்தின் காலவரையறைதான் எல்லாவற்றுக்கும்.

உறவினர்கள் விஷயத்தில் நிலைமை வேறு. யார், எப்போது, என்ன செய்தார் என்று இல்லாமல் "எல்லோரும் சேர்ந்து கொடுமைப்படுத்தினார்கள்" என்று மட்டும் இருந்தால், உச்ச நீதிமன்றத்தின் 2022 கஹ்கஷான் கௌசர் தீர்ப்பு கைகொடுக்கும். அதனால் மாமியார், நாத்தனார் அப்பீலைக் கணவருடையதோடு ஒன்றாகப் போடாமல் தனியாகப் போடுவது உத்தமம். அவர்களுடைய நல்ல வாதம் அவருடைய கெட்ட சாட்சியத்தில் மூழ்கக் கூடாது.

பெண்கள் தரப்பு வழக்கறிஞர்:

இதுவரை எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து. அடி வாங்கியவருக்கு அப்பீல் நடப்பதே தெரியாமல் போகிறது, ஏனென்றால் எதிர்த்தரப்பு அரசு, அவர் இல்லை. தீர்ப்பு வந்த மாதத்திலிருந்து இ-கோர்ட்ஸ் தளத்தில் குற்றவாளியின் பெயரைப் போட்டு செஷன்ஸ் கோர்ட்டில் புது எண் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்ததும் அரசு வழக்கறிஞருக்கு (பி.பி.) உதவ அனுமதி கேட்டு சொந்த வழக்கறிஞர் மூலம் மனுப் போடலாம். பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 2022-ல் ஜக்ஜீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தண்டனை நிறுத்தி வைக்கிற கட்டத்திலேயே "இவர் என் வீட்டுப் பக்கம், வேலை இடத்துப் பக்கம் வரக் கூடாது" என்று நிபந்தனை கேளுங்கள். பிறகு கேட்பதை விட அப்போது சுலபம்.

தண்டனை குறைவு என்று பாதிக்கப்பட்டவர் நேரடியாக அப்பீல் போக முடியாது. அதை அரசுதான் போட வேண்டும். விடுதலை, சின்னக் குற்றத்தில் மட்டும் தண்டனை, இழப்பீடு போதவில்லை, இந்த மூன்றுக்கும் அவரே போகலாம், பி.என்.எஸ்.எஸ். 413. அபராதத்திலிருந்து இழப்பீடு தரச் சொல்லியிருந்தால் அப்பீல் முடியும் வரை பணம் வராது. அதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

ஏ.ஆர். காப்பி பற்றியும் சொல்ல வேண்டும். "வழுக்கி விழுந்தேன்" என்று முதலில் எழுதியிருக்கும். பக்கத்தில் கணவர் நின்றுகொண்டிருந்தார் என்பது அதில் இருக்காது. மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது யார் என்ற கட்டத்தை அப்பீலில் பி.பி. சுட்டிக்காட்ட வேண்டும். அங்கே கணவர் பெயர் இருந்தால் அந்த வரியின் அர்த்தமே மாறும்.

இரண்டு வழக்கையும் குழப்பாதீர்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ல் வாங்கிய பாதுகாப்பு உத்தரவு தனி. அதற்கு அப்பீல் 29-வது பிரிவில், உத்தரவு கைக்குச் சேர்ந்ததிலிருந்து (சார்வு ஆனதிலிருந்து) 30 நாள். 498-ஏ-வில் விடுதலை ஆனாலும் பாதுகாப்பு உத்தரவு தானாகச் சாகாது. மீறினால் 31-வது பிரிவில் 1 வருஷம் வரை சிறை.

குற்றவியல் வழக்கறிஞர்:

மேடம் சொன்னது சரி, அந்தக் கட்டத்தை நாங்களும் வேண்டுமென்றே தாண்டிப் படிப்போம்.

சமரசம் பற்றிக் கேட்பவர்களுக்கு: 323-ஐ அப்பீல் கோர்ட் அனுமதியோடு காயப்பட்டவர் ராஜி செய்யலாம். 498-ஏ தமிழ்நாட்டில் ராஜிக்கு உரியதில்லை. ஹைகோர்ட் தன் உள்ளார்ந்த அதிகாரத்தில் ரத்து செய்யலாம். தனிப்பட்ட தகராறு என்றால் தண்டனைக்குப் பிறகும் கூட முடியும் என்று உச்ச நீதிமன்றத்தின் 2021 ராம்கோபால் தீர்ப்பு. கையெழுத்து பயத்தில் வாங்கியதா என்று நீதிபதி மனைவியை நேரில் கேட்பார். கேட்கவும் வேண்டும்.

சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடச் சொல்லி மாற்றுக் கோரிக்கை வைக்கத் தயங்குகிறார்கள், "குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்" என்று. ஆகாது. 1958 நன்னடத்தைச் சட்டத்தின் 4-வது பிரிவை அப்பீல் கோர்ட்டும் பயன்படுத்தலாம், 11-வது பிரிவு சொல்கிறது. கடைசிக் காரணமாக ஒரு பத்தி எழுதுங்கள், நன்னடத்தை அலுவலர் அறிக்கைக்கு மனுவும் கொடுங்கள். பழைய அடிதடி ஏதாவது இருந்தால் அறிக்கையில் வந்துவிடும். அப்படியானால் இந்த வழிக்கே போகாதீர்கள்.

அரசு ஊழியர்கள் கவனத்துக்கு: நிறுத்தி வைக்கப்படுவது தண்டனை, குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. துறை நடவடிக்கை அப்பீல் முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தீர்ப்பையே நிறுத்தி வைக்கத் தனியாகக் கேட்கலாம், ஆனால் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

வழக்கறிஞர் குமாஸ்தா:

அப்பீல் வாய்தாக்களைக் கவனியுங்கள். வக்கீல் வரவில்லை என்பதற்காக மட்டும் அப்பீலைத் தள்ளுபடி செய்ய முடியாது, தகுதி பார்த்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும் (உச்ச நீதிமன்றம், பானி சிங் வழக்கு, 1996). ஆனால் யாரும் பேசாமல் கட்டைப் படித்துச் சொல்கிற தீர்ப்பு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடியானால் ஹைகோர்ட்டில் சீராய்வு மனு (ரிவிஷன்), 90 நாள். அங்கே சாட்சியத்தை மறுபடி எடை போட மாட்டார்கள், சட்டப் பிழையைத்தான் பார்ப்பார்கள். நகல் மனுவைத் தீர்ப்பு நாளன்றே போடுங்கள், தள்ளுபடியான கையோடு பழைய பிணை முடிந்து மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டிலிருந்து வாரண்ட் கிளம்பிவிடும். முன்பு காவலில் இருந்த நாட்கள் தண்டனையில் கழியும். அந்தத் தேதிகளை வாரண்டில் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று கையில் வாங்கிப் பாருங்கள். பெரும்பாலும் ரிமாண்ட் செய்த முதல் நாளை விட்டிருப்பார்கள்.