ஜவுளிக்கடைப் படியில் அத்தை வழுக்கி விழுந்துவிட்டார், எதையெல்லாம் எடுத்து வைக்கவேண்டும்?

காட்பாடி_மருமகன்:
முந்தாநாள் வேலூர் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்து, பில் போட்டுவிட்டு இறங்கும்போது என் அத்தை படியில் வழுக்கி விழுந்துவிட்டார். மாப் போட்ட சோப்புத் தண்ணீர் அப்படியே நின்றது, ஒரு போர்டுகூட இல்லை. வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. பூ கட்டிப் பிழைப்பவர். கடைக்காரரோ "அம்மா செருப்பு தேய்ஞ்சிருக்கு, அதான்" என்கிறார். என்ன செய்யலாம்?

சத்துவாச்சாரி_குமாஸ்தா:
தம்பி, முதலில் சிசிடிவி. டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும், அதனால் தேதி, நேரம், எந்தப் படிக்கட்டு என்று எழுதி, பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி இன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாயால் கேட்டால் கேமரா ரிப்பேர் என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் செருப்பைக் கழுவாமல் அப்படியே கவரில் போட்டு வையுங்கள், அடிப்பக்கம் தேயவில்லை என்றால் அவர் பேச்சுக்கு அதுவே பதில். போட்டோ எடுத்திருந்தால் எடுத்த போனிலேயே இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் வந்த காப்பியை மட்டும் நம்பாதீர்கள். கோர்ட்டில் கொடுக்கும்போது சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் சேர்த்துத் தரவேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

குடியாத்தம்_நர்ஸ்:
ஆஸ்பத்திரியில் எப்படி விழுந்தார் என்று என்ன எழுதியிருக்கிறார்கள், பார்த்தீர்களா? வலியில் இருப்பவர் "வழுக்கிட்டேன்" என்பதோடு நிறுத்திவிடுவார், கடை என்ற வார்த்தையே சீட்டில் வராது. ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) காப்பி கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ரே, மருந்து பில், ஆட்டோவுக்குக் கொடுத்தது எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

ஆற்காடு_ரவி:
புடவை பில் மிக முக்கியம் சார். காசு கொடுத்து வாங்கியவர் என்பதற்கு அதுதான் ஆதாரம், நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். பில் தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிவிடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குப் போன் போடுங்கள்.

காட்பாடி_மருமகன்:
நன்றி. சீட்டில் "படியில் விழுந்தார்" என்றுதான் இருக்கிறது அக்கா, எந்தப் படி என்றே இல்லை. இனி மாற்றுவார்களா?

குடியாத்தம்_நர்ஸ்:
எழுதியதைத் திருத்தமாட்டார்கள். அடுத்த செக்கப்பில் அத்தையையே டாக்டரிடம் கடையின் பெயரோடு சொல்லச் சொல்லுங்கள், அன்றைய தேதியில் அதையும் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். கைகொடுத்துத் தூக்கிவிட்டவர் யார்? அவர் நம்பரை இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.