எம்.பி.பி.எஸ். நூலிழையில் தவறினால் பி.டி.எஸ். சேர்வதா, இன்னோர் ஆண்டு நீட் எழுதுவதா?

திருமங்கலத்துப் பட்டறை:
வணக்கம். என் இளைய மகள் இந்த ஆண்டு, 2025-இல், நீட் எழுதினாள். தரவரிசைப் பட்டியலில் எங்கள் பிரிவில் அவள் நிற்கும் இடத்தைப் பார்த்தால் அரசு மருத்துவக் கல்லூரி இடம் கண்ணெதிரே கைநழுவும் போலிருக்கிறது. பல் மருத்துவம், அதாவது பி.டி.எஸ்., கிடைக்கும் என்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் தனியார் கல்லூரியில், அரசு ஒதுக்கீட்டில். அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, எனவே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு நமக்கு இல்லை. மூத்தவள் பி.காம். முடித்துவிட்டதால் முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. எனக்குச் சிறிய வெல்டிங் பட்டறை. 'இன்னோர் ஆண்டு படிக்கட்டும்' என்கிறாள் அவள் அம்மா. மகளைக் கேட்டால் வாயே திறக்க மாட்டேன் என்கிறாள். கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய ஐந்து நாள் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இயற்பியல் வாத்தியார்:
யோசிக்கவே வேண்டாம், மறுபடி எழுத வையுங்கள். நீட்டின் 720 மதிப்பெண்ணில் பாதி உயிரியல். அதில் நம் பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். அடி விழுவதெல்லாம் இயற்பியலில்தான். ஓராண்டு ஒழுங்காக உட்கார்ந்தால் நாற்பது, ஐம்பது மதிப்பெண் கூடும். இடமும் முன்போல் அரிதில்லை. மதுரை, தேனி, சிவகங்கை என்று இருந்தது போய், 2022-இல் விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம் என்று மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகள் பஸ் தூரத்தில் வந்துவிட்டன. இதை விட்டுவிட்டுக் கடன் வாங்கிப் பல் பிடுங்கப் படிப்பதா?

கடைவாய்ப்பல்:
வாத்தியார் ஐயா, 'பல் பிடுங்க' என்று எழுதும்போதே உங்கள் மனம் தெரிந்துவிட்டது. நான் மதுரையில் பதினான்கு ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். கல்யாண வீட்டில் யாராவது 'டாக்டரா? எந்த டாக்டர்?' என்று கேட்பார்கள். 'பல்' என்றதும் 'ஓ, பல்லா' என்று ஓர் இழுப்பு. அந்த இழுப்பைத்தான் நீங்கள் எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

பட்டறை அண்ணனுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் மகளுக்கு இந்த வேலை பிடிக்காது என்றால் தயவுசெய்து அனுப்பாதீர்கள். எம்.பி.பி.எஸ். கிடைக்காத துக்கத்தோடு வந்து, நான்கு ஆண்டு வகுப்பிலும் ஓராண்டு பயிற்சியிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவர்கள் என் வகுப்பிலேயே பலர். இரண்டு பேர் இப்போது வங்கியில் இருக்கிறார்கள்.

வைகைக்கரை:
டாக்டர், பிடிக்கிறதா இல்லையா என்பதெல்லாம் பணம் இருப்பவன் பேச்சு. மதுரையில் அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் டீக்கடைக்குப் போட்டியாகப் பல் மருத்துவமனைகள் நிற்கின்றன. தனியார் கல்லூரி என்றால் அரசு ஒதுக்கீடானாலும் கட்டணம் லட்சங்களில். விடுதி தனி. ஐந்து ஆண்டு கழித்து வெளியே வரும் பிள்ளைக்கு என்ன சம்பளம் என்பதைக் கொஞ்சம் சொல்லுங்களேன். என் தங்கை மகனுக்குக் கொடுத்தது மாதம் பதினையாயிரம், அதுவும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடையில் இதைவிடக் கூடுதலாகத் தருகிறார்கள்.

கடைவாய்ப்பல்:
உண்மைதான், மறைக்கவில்லை. நான் முதலில் வாங்கியது அதைவிடக் குறைவு. சொந்தமாக நாற்காலி போட்டு உட்கார எனக்கு ஏழு ஆண்டு ஆயிற்று. அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எப்போதாவது உதவி மருத்துவர் பணிக்கு அறிவிப்பு விடும்; ஒரு கைப்பிடி இடத்துக்கு ஊரே எழுதும்.

ஆனால் தெருவுக்குத் தெரு இருக்கிறது என்பது அண்ணா நகர்க் கணக்கு. உசிலம்பட்டியைத் தாண்டிப் போய்ப் பாருங்கள். பல் வலி என்றால் கிராம்பு, அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடை மாத்திரை, முகம் வீங்கிய பிறகுதான் பஸ் ஏறுகிறார்கள். அதற்குள் வேர் சிகிச்சை செய்யப் பல்லில் ஒன்றும் மிச்சமிருக்காது. அடிக்கொரு முறை புகையிலை போடும் வாயைத் திறந்து பார்த்து, கன்னத்துக்குள் புற்றுநோயாக மாறக்கூடிய வெள்ளைப் படலத்தை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் நாங்கள்தான். இதையும் 'பிடுங்குவது' என்ற கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், வாத்தியார்.

மூன்று முறை எழுதியவள்:
நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். 2022, 2023, 2024 என்று மூன்று முறை நீட் எழுதியவள் நான். வாத்தியார் சார் சொல்லும் நாற்பது, ஐம்பது மதிப்பெண் எனக்கும் கூடியது. 2024-இல் எனக்கு வந்த மதிப்பெண்ணை அதற்கு முந்தைய ஆண்டு வாங்கியிருந்தால் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்திருப்பேன். அந்த ஆண்டோ முதலில் வந்த முடிவில் 67 பேருக்கு 720-க்கு 720. திருத்திய பிறகும் 17 பேர். மதிப்பெண் மழையில் என்னுடையது கரைந்துபோயிற்று. இந்த ஆண்டு கதையே வேறு, நாட்டிலேயே முதலிடத்துக்கு 686. மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்குச் சோதிடம் பார்க்க முடியாது சார்.

இரண்டாவது ஆண்டு எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூடப் படித்தவர்கள் கல்லூரிப் படம் அனுப்பும்போது நாம் அதே புத்தகத்தின் அதே பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்போம். உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போக மாட்டோம். அம்மா சத்தமாகப் பாத்திரம் கழுவக்கூட மாட்டார்.

இப்போது பி.டி.எஸ். முதலாண்டு முடிக்கப் போகிறேன். உடற்கூறியல், உடலியங்கியல் எல்லாம் எங்களுக்கும் உண்டு. எங்களுக்கென்றே உள்ளது மெழுகு. ஒரு மெழுகுக் கட்டியைக் கையில் கொடுத்து, கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை அளவெடுத்துச் செதுக்கு என்பார்கள். அதற்கு ஐந்து மேடுகள். நான்காவதைச் செதுக்கும்போது முதலாவது உடையும். முதல் மாதம் இரவெல்லாம் அழுதிருக்கிறேன். ஒருநாள் உடையாமல் வந்தது. அதை இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் ஒரு சோப்புக் கட்டியும் பேனாக் கத்தியும் கொடுத்துப் பாருங்கள், மாமா.

இயற்பியல் வாத்தியார்:
அம்மா, உன் கதை வருத்தமாக இருக்கிறது. ஆனால் சோப்புச் செதுக்குவது கட்-ஆஃப் ஆகாது. நான் ஒரு விஷயம் எச்சரிக்கிறேன்: 'இப்போதைக்குச் சேர்ந்து வைப்போம், அடுத்த ஆண்டு மறுபடி எழுதிக்கொள்ளலாம்' என்று மட்டும் யாரும் எண்ண வேண்டாம். அசல் சான்றிதழ்கள் கல்லூரியிடம் போய்விடும். எந்தச் சுற்றுக்குப் பிறகு இடத்தை விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கலந்தாய்வுக்கான தகவல் தொகுப்பேட்டில் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டுப் பட்டியலைப் பூட்டுங்கள்.

வைகைக்கரை:
இதில் மட்டும் வாத்தியார் கட்சி நான். இன்னொன்று, மதுரையைச் சுற்றி இத்தனை அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மாநிலம் முழுவதற்கும் சென்னை, சிதம்பரம், 2023-இல் வந்த புதுக்கோட்டை என்று மூன்றே. மதுரையில் இருப்பவை தனியார். இந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது? பட்டறை வைத்திருப்பவர் மகள் பல் மருத்துவம் படிக்க வேண்டுமென்றால் பட்டறையை விற்க வேண்டும் என்பதுதானே இதற்கு அர்த்தம்?

கடைவாய்ப்பல்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. அண்ணன், சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். தனிமடலில் முகவரி அனுப்பியிருக்கிறேன்.

வைகைக்கரை:
டாக்டர் ஆள் பிடிக்கிறார்!

திருமங்கலத்துப் பட்டறை:
பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை போய்வந்தோம். மூன்று மணி நேரம் மகள் ஓர் ஓரமாக நின்றாள். சேடபட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, காதையும் தாடையையும் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இவள் நிற்கலாமா என்று டாக்டர் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கச் சொன்னார். பாட்டிக்குப் பயம் வலியில் இல்லை. 'மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்கிறார்களே?' என்று கேட்டார். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் என் மகள், 'கண்ணுக்குப் போகிற நரம்பு வேறு பாட்டி, பல்லுக்குப் போகிறது வேறு' என்றாள். ஒரு வாரத்தில் அவள் பேசி நான் கேட்ட முழு வாக்கியம் அதுதான்.

சோப்பும் கொடுத்தேன். கத்தி வேண்டாம் என்று பட்டறைக்கு வந்து மெல்லிய அரமும் தகட்டுத் துண்டும் எடுத்துக்கொண்டாள். வந்தது பல் மாதிரி இல்லை, ஆட்டுக்கல் மாதிரி இருந்தது. இரண்டாவது சோப்பு கொஞ்சம் தேவலை. மூன்றாவதுக்கு அவள் அம்மா விடவில்லை.

நேற்று இரவு பட்டியலைப் போட்டோம். முதலில் அரசு மருத்துவக் கல்லூரிகள். அடுத்து அரசுப் பல் மருத்துவம், புதுக்கோட்டை முதலில். அதற்குக் கீழே நான் போட்டு வைத்திருந்த தனியார் கல்லூரிகளை அவளே ஒவ்வொன்றாக அழித்துவிட்டாள். 'கிடைக்காவிட்டால்?' என்றேன். 'மறுபடி எழுதுகிறேன் அப்பா. எம்.பி.பி.எஸ்.ஸுக்காக இல்லை, புதுக்கோட்டைக்காக' என்கிறாள். இதற்காக ஓராண்டு உட்காருகிறவர்கள் உண்டா? அவள் அம்மா என்னோடு பேசவில்லை.

மூன்று முறை எழுதியவள்:
மாமா, புதுக்கோட்டைக்காக என்று வைத்துக்கொண்டு எழுதியிருந்தால் நான் இரண்டாவது முறையிலேயே நிறுத்தியிருப்பேன். ஆட்டுக்கல்லின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

கடைவாய்ப்பல்:
நான் பார்த்தவரை இல்லை, அண்ணன். இவள்தான் முதல் ஆள்.

இயற்பியல் வாத்தியார்:
சரி, அதெல்லாம் இருக்கட்டும். இயற்பியலில் 180-க்கு எத்தனை?

திருமங்கலத்துப் பட்டறை:
நாற்பத்தொன்று.

இயற்பியல் வாத்தியார்:
முடிவு எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை காலை அவளை என் வீட்டுக்கு அனுப்புங்கள். கட்டணம் வேண்டாம். அந்தச் சோப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள், திருப்பு விசையை அதிலிருந்தே தொடங்கலாம்.