புதுப்பிப்பு: ஆரப்பாளையம் பாட்டி வீட்டுச் சாய்தளம்

சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டி வீட்டு வாசலில் எங்கள் சர்ச் இளைஞர்கள் சாய்தளம் கட்டப்போகிறார்கள், சந்து குறுகல், யோசனை சொல்லுங்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டது!

வாசல் 14 அங்குல உயரம். ஒரு அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. அப்படியென்றால் 14 அடி. நேராக விட்டால் சந்தே அடைபட்டுவிடும். சரிவைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார் கொத்தனார். எனக்கு மனசு ஒப்பவில்லை. செங்குத்தாக இருந்தால் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து, அதுவும் மழையில். கடைசியில் பழைய திண்ணையை எடுத்துவிட்டு, சுவரோரமாகவே இறக்கினோம். மேலே நாற்காலி திரும்பச் சமதளம், சறுக்காமலிருக்க சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சு, ஓரத்தில் கைப்பிடி.

அப்புறம், கழிப்பறையிலும் ஒரு கம்பி. பழைய சுவர்களில் பூச்சோடு நிறுத்தாமல் செங்கல் வரை துளைத்து மாட்டுங்கள். உடம்பின் முழுப் பாரமும் அதில்தான் விழும்.

பாட்டி இந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்தார். யாரும் தூக்கவில்லை. எங்கள் பையன்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்தது செல்லூரில், பக்கவாதம் வந்த ஒரு தாத்தா வீடு. கதவு 24 அங்குலம்தான். நாற்காலி தாராளமாக நுழைய 32 வேண்டும். நிலையை மாற்றித் தர நல்ல ஆசாரி தெரிந்தால் சொல்லுங்கள்.