நடுக்களத்தில் நின்று தாங்குபவருக்கு ஒரு சொல் வேண்டும்

> ஸ்பெயினின் கால்பந்து அணியான ரியால் மாட்ரிட் 2003இல் நடுக்கள வீரர் மக்கலேலேயை விட்டுவிட்டுத் தடுமாறிய கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘மிட்ஃபீல்ட் என்ஃபோர்சர்’ என்ற இடம் வரும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. ‘தற்காப்பு நடுக்கள வீரர்’ என்று போட்டால் நீளமாகவும் இருக்கிறது, ஆளும் கண்முன் வரவில்லை. வேறு நல்ல சொல் உண்டா?

> ‘அச்சாணி’ போதுமே தம்பி. சின்னது, எல்லோருக்கும் தெரிந்தது, குறளிலேயே இருக்கிறது. உருவத்தைப் பார்த்து எள்ளாதே என்று சொல்லும் குறள் இந்த வீரருக்கே எழுதியது போல இருக்கிறது.

> எனக்கு ‘இடைமறிப்பாளர்’ பிடித்திருக்கிறது. பந்தை மறிப்பதுதானே அவர் வேலை?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். மேலே உள்ள இரண்டோடு ‘அரண் வீரர்’, ‘அமலாக்கர்’ என்பவையும் வந்துவிட்டன. என்னிடமும் ஒரு சொல் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் தம்பியின் கதைக்குள் ஒருமுறை போய்வர வேண்டும். அந்த ஆள் போனபோது அணியிலிருந்து எது போனது என்று பார்த்தால்தான் அவருக்குப் பெயர் வைக்க முடியும்.

2003 ஜூனில் ரியால் மாட்ரிட் ஸ்பெயின் லீகான லா லிகாவின் பட்டம் வென்றது. வென்ற கையோடு பயிற்சியாளர் விசென்டே டெல் போஸ்கேயை அனுப்பினார்கள். கேப்டன் இயெர்ரோவும் போனார். மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து பெக்கம் வந்தார். ஜிடான், ஃபிகோ, ரொனால்டோ, ராவுல், ராபர்ட்டோ கார்லோஸ் எல்லாரும் ஏற்கெனவே அங்கேதான். இவர்களுக்குப் பின்னால் நின்று ஆடிய க்ளோட் மக்கலேலே சம்பளத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்டார். அவர் வாங்கியது அந்த நட்சத்திரங்களின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான். கழகம் மறுத்தது, அவர் இங்கிலாந்தின் செல்சிக்குப் போய்விட்டார்.

கழகத் தலைவர் ஃப்ளோரென்டினோ பெரஸ் அப்போது சொன்னதை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மக்கலேலே இல்லாத குறை தெரியாது, அவருடைய ஆட்டத்திறன் சராசரிதான், வேகம் போதாது, அவர் தரும் பந்துகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பின்னாலோ பக்கத்திலோதான் போகும், மூன்று மீட்டருக்கு மேல் பந்தை அனுப்புவதே அரிது என்றார். ஜிடானோ, எஞ்சினையே இழந்துவிட்டு பென்ட்லி காருக்கு மேலும் ஒரு தங்கப் பூச்சு எதற்கு என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

பெரஸ் சொன்னவற்றில் பொய்யென்று தள்ளத்தக்கது அதிகமில்லை. மக்கலேலேயின் பந்து பக்கத்தில்தான் போனது. மூன்று மீட்டர் தள்ளி ஜிடான் நிற்கும்போது அது வேறு எங்கே போக வேண்டும்? எதிரணியிடமிருந்து பந்தை எடுத்து, அதை வைத்து என்ன செய்வதென்று தெரிந்தவர் காலில் சேர்த்துவிட்டு, மறுபடியும் தன் இடத்தில் வந்து நிற்பது அவர் வேலை. அவர் செய்யாததையெல்லாம் பெரஸ் சரியாக எண்ணிச் சொன்னார். செய்ததற்கு அவரிடம் பெயர் இல்லை. இந்த இழையில் நாம் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

அப்புறம் நடந்தது தெரிந்ததே. 2004 மார்ச் நடுவில் ரியால் லீகில் முதலிடம், ஸ்பெயின் கோப்பையில் இறுதியாட்டம், சாம்பியன்ஸ் லீகில் காலிறுதி என மூன்றிலும் முன்னால் இருந்தது. மார்ச் 17இல் கோப்பை இறுதியில் சரகோசாவிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றது. காலிறுதியில் மொனாக்கோவைச் சொந்த மைதானத்தில் 4-2 என வென்றது. மறு ஆட்டத்தில் ராவுல் முதல் கோலையும் போட்டார். அதன் பிறகு ஜியூலி இரண்டு, மொரியன்டஸ் ஒன்று என வாங்கி, இரண்டு ஆட்டங்களும் சேர்த்து 5-5 சமநிலையில், எதிரணி மைதானத்தில் அதிகக் கோல் போட்டவருக்கே வெற்றி என்ற வெளிமைதான கோல் கணக்கில் வெளியேறியது. மொரியன்டஸ் ரியாலே மொனாக்கோவுக்குக் கடனாகக் கொடுத்திருந்த வீரர். லீகிலோ கடைசி ஐந்து ஆட்டங்களும் தோல்வி. 70 புள்ளிகளோடு நான்காமிடம். முந்தைய பருவத்தில் 42 கோல் வாங்கிய அணி இந்தப் பருவத்தில் 54 வாங்கியது.

களத்தில் நடந்தது என்ன? ராபர்ட்டோ கார்லோஸ் இடது ஓரத்தில் ஏறிவிடுவார். அதே பக்கத்து ஜிடான் உள்ளே வந்துவிடுவார். பந்து பறிபோனால் இரண்டு மையத் தடுப்பு வீரர்களுக்கு முன்னால் ஒரு பெரிய வெற்றிடம். முன்பு அங்கே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஓடிவருபவனை நேராக விடாமல் ஒதுக்கி, அரை நொடி தாமதிக்க வைத்தாலே போதும், மற்றவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள். அவர் போன பிறகு அந்த இடத்தில் எல்கெரா, கூட்டி, பெக்கம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பெக்கம் உழைக்காத உழைப்பில்லை, ஆனால் அவர் வலது ஓரத்தில் வளர்ந்தவர், பந்து போகும் பக்கம் கால் போய்விடும். உண்மையில் அந்த வேலைக்கு ஏற்ற எஸ்தெபான் கம்பியாசோ கழகத்திலேயே இருந்தார். அவரையும் 2004இல் இத்தாலியின் இன்டருக்கு இலவசமாக விட்டுவிட்டார்கள். எனக்கு இன்றும் பொறுக்காத விஷயம் இது.

எல்லாப் பழியையும் ஒரே ஆளின் பிரிவில் போடுவதும் நியாயமில்லை. டெல் போஸ்கே இல்லை, இயெர்ரோ இல்லை, மாற்று வீரர்கள் போதாமல் பருவக் கடைசியில் கால் ஓய்ந்துபோன அணி அது. இருந்தாலும் 2005 ஜனவரியில் எவர்டனிலிருந்து கிரேவசனை வாங்கியதும், 2006இல் பயிற்சியாளராகக் கபெல்லோ வந்ததும் எமெர்சன், மஹமது டியாரா என ஒரே கோடையில் இருவரை அதே இடத்துக்கு வாங்கியதும் எதைக் காட்டுகின்றன? 2007இல்தான் மறுபடி லா லிகா கிடைத்தது. செல்சி 2004-05இல் 38 ஆட்டங்களில் 15 கோல் மட்டும் வாங்கி, 50 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வென்றது. இங்கிலாந்தில் அந்த இடத்துக்கே ‘மக்கலேலே ரோல்’ என்று பெயர் வந்துவிட்டது.

சரி, இனி சொற்கள்.

‘அமலாக்கர்’ வேண்டாம். ‘என்ஃபோர்ஸ்’ என்பதன் அகராதிப் பொருளை மட்டும் பார்த்து எடுத்த சொல் அது, படிப்பவருக்கு அமலாக்கத் துறைதான் ஞாபகம் வரும். ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லில் ஒரு அடிதடி வாடை உண்டு. கட்டூசோ, ராய் கீன் போன்றவர்களுக்கு அது பொருந்தலாம். மக்கலேலே மிரட்டி ஆடியவர் இல்லை.

‘இடைமறிப்பாளர்’ நல்ல சொல்தான் அக்கா. ஆனால் அது ஒரு செயலின் பெயர். முன்கள வீரர்கூட இடைமறிக்கிறார், தடுப்பு வீரர் அதைவிட அதிகமாகவே மறிக்கிறார். நமக்கு வேண்டியது ஒரு பொறுப்பின் பெயர்.

‘அச்சாணி’யைப் பற்றி ஐயா சொன்னது மனதுக்கு மிக நெருக்கமானது. பெரஸுக்கு யாராவது அந்தக் குறளைச் சொல்லியிருக்கலாம் என்று நானும் நினைத்ததுண்டு. ஆனால் நம் செய்தித்தாள்களில் மெஸ்ஸியும் அச்சாணி, கோல்காப்பாளரும் அச்சாணி, கட்சியில் மாவட்டச் செயலாளரும் அச்சாணி. புகழ்ச்சியாகத் தேய்ந்துவிட்ட சொல்லைக் கலைச்சொல்லாக்கினால், ‘அவர் மோசமான அச்சாணி’ என்று ஒரு விமர்சகர் எழுத முடியாமல் போகும்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஸ்பானியர் ‘பிவோத்தே’ என்று சுழலும் அச்சைச் சொல்கிறார்கள். அர்ஜென்டினாவில் வெறும் ‘ஐந்து’, ஜெர்மனியில் ‘ஆறு’, எல்லாம் சட்டை எண்தான். பிரேசிலில் ‘வொலான்டே’, அது ஃப்ளமெங்கோவில் ஆடிய அர்ஜென்டினா வீரர் கார்லோஸ் வொலான்டேயின் பெயர். எனக்கு மிகவும் பிடித்தது போர்ச்சுகலின் ‘டிரிங்கு’. கதவின் தாழ்! நாமும் ‘தாழ்ப்பாள்’ என்று வைத்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆனால் இத்தாலியர் தங்கள் முழுத் தடுப்பாட்ட முறைக்கே ‘கத்தெனாச்சோ’ என்று தாழ்ப்பாளின் பெயரை வைத்துவிட்டார்கள். அதைத் தமிழாக்கும்போது இந்தச் சொல் தேவைப்படும், இங்கே செலவழிக்க வேண்டாம். பிரான்சின் டெஷாம்பைத் ‘தண்ணீர் சுமப்பவர்’ என்று கன்டோனா இகழ்ந்தார். அதே டெஷாம்ப் 1998இல் உலகக் கோப்பையைத் தூக்கினார். இகழ்ச்சியிலும் சுமத்தல் என்ற கருத்து வந்திருப்பதைக் கவனியுங்கள்.

நம் போர் மரபில் இந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார். தொல்காப்பியப் புறத்திணையியலில் வஞ்சித் துறைகளைச் சொல்லும்போது ஒரு வரி வரும்: ‘வருவிசைப் புனலைக் கற்சிறை போல ஒருவன் தாங்கிய பெருமை’. விசையோடு வரும் வெள்ளத்தைக் கல்லணை தாங்குவது போல, வரும் படையை ஒருவன் தாங்குவது. கல்லணை வெள்ளத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. இருந்த இடத்தில் நிற்கிறது, வெள்ளத்தின் விசை அதனிடம் அடங்குகிறது. ராபர்ட்டோ கார்லோஸ் ஏறிப்போன பின் மையத்தில் நின்ற மக்கலேலேயை இதைவிடச் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

‘கற்சிறை’யை இன்று எடுத்தால் சிறைச்சாலை வந்து நிற்கும். ஆனால் அந்த வரியின் வினைச்சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது: தாங்கு. சுமைதாங்கி, இடிதாங்கி என்று அதிலிருந்து வந்த பெயர்கள் எல்லார் வாயிலும் உண்டு. ஆகவே என் முன்மொழிவு: நடுத்தாங்கி.

2024இல் நடந்ததை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். செப்டம்பர் 22இல் ஆர்சனலோடு ஆடியபோது மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரிக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து லீக் வென்றுவந்த அணி இலையுதிர் காலத்தில் எல்லாப் போட்டிகளிலுமாகச் சேர்த்து வரிசையாக ஐந்து ஆட்டங்கள் தோற்றது. ஃபெயனூர்டுக்கு எதிராக 3-0 என்று முன்னிலை பெற்றும் 3-3 என்று முடித்தது. பருவ முடிவில் 71 புள்ளிகள், மூன்றாமிடம். ரோட்ரி மக்கலேலே மாதிரி இல்லை. உயரமானவர், ஆட்டத்தையே தொடங்கி வைப்பவர், கோலும் போடுவார். ‘மறிப்பாளர்’ அவருக்குப் பொருந்தவே பொருந்தாது, ‘நடுத்தாங்கி’ தாராளமாகப் பொருந்துகிறது. அவர் போனதும் சிட்டியிலும் அதே இடத்தில்தான் ஓட்டை விழுந்தது.

—

> ஐயா எழுதியது: அச்சாணியை விட்டுக்கொடுக்க மனமில்லை என்றாலும் மோசமான அச்சாணி பற்றிய வாதம் சரிதான். ஆனால் சுமைதாங்கி, இடிதாங்கி இரண்டிலும் ஒற்று இல்லையே, நடுத்தாங்கியில் மட்டும் ‘த்’ எங்கிருந்து வந்தது? தவிர, பொறியியலில் ‘பேரிங்’குக்குத் தாங்கி என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம்.

> அக்கா எழுதியது: எங்கட பக்கம் தாங்கி என்றால் முதலில் தண்ணீர்த் தாங்கிதான் தம்பி. மாடியில் இருக்கிறதை நினைத்துக்கொண்டு உதைபந்தாட்டச் செய்தி வாசிக்க ஏலுமோ?

ஐயா, ஒற்றைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி, எழுதும்போதே அதில் தயங்கினேன். சுமையைத் தாங்குவது, இடியைத் தாங்குவது இரண்டும் இரண்டாம் வேற்றுமை, அங்கே மிகாது. இங்கே அவர் நடுவைத் தாங்கவில்லை, நடுவில் நின்று வரும் விசையைத் தாங்குகிறார். ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன் தொக்க தொகை, ஆகவே மிகும். ஒற்று இல்லாமல் எழுதினால் பொருளே மாறிவிடும் என்பதால் இதைச் சொற்பட்டியலிலும் குறித்துவைப்போம். பேரிங் பற்றி: அதுவும் பாரத்தைத் தான் ஏற்று, தண்டைத் தடையில்லாமல் சுழல விடும் பொருள்தானே? ஜிடான் சுழல்வதற்கு மக்கலேலே செய்ததும் அதுவே. அந்த ஒப்புமை இருப்பது எனக்கு மகிழ்ச்சி.

அக்கா, நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாமல் போயிருக்கும். ‘தாங்கி’ என்று தனியாக எழுதாமல் எப்போதும் ‘நடுத்தாங்கி’ என்றே முழுதாக எழுதுவது, முதல் தடவை வரும்போது ‘நடுத்தாங்கி வீரர்’ என்று போடுவது என்று வைத்துக்கொண்டால் அங்கே வாசிப்பவர்களுக்கு உறுத்தாதா? வாசித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

> அக்கா எழுதியது: ‘நடுத்தாங்கி வீரர்’ எண்டால் பிழையில்லை. இரண்டாம் தரம் வாசிக்கேக்க தண்ணீர் ஞாபகம் வரேல்லை.

> தம்பி எழுதியது: அண்ணா, என் கட்டுரையின் முதல் வரியை மாற்றிவிட்டேன்: ‘2003இல் ரியால் மாட்ரிட் தன் நடுத்தாங்கியைச் செல்சிக்கு விற்றது. அடுத்த பருவத்தில் மேலும் 12 கோல்கள் வாங்கியது.’ ‘டபுள் பிவட்’ என்பதற்கு என்ன போடுவது? கபெல்லோவின் 2006 அணியைப் பற்றி ஒரு பத்தி வருகிறது.

தம்பி, எமெர்சனும் டியாராவும் சேர்ந்து நிற்கும் அமைப்புக்கு ‘இரட்டை நடுத்தாங்கி’ என்று போடு. ‘சிங்கிள் பிவட்’ வந்தால் ‘ஒற்றை நடுத்தாங்கி’. கட்டூசோ மாதிரி முரட்டாட்டக்காரரைக் குறிக்க ‘முரட்டு நடுத்தாங்கி’ என்று அடை சேர்த்தால் ‘என்ஃபோர்சர்’ என்பதும் வந்துவிடும். ரோட்ரி போல அங்கிருந்தே ஆட்டத்தைத் தொடங்குபவருக்கு இத்தாலியர் ‘ரெஜிஸ்தா’ என்கிறார்கள், அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குவோம். ஐயாவிடம் அதற்கு ஏதோ சொல் இருக்கும் என்று நம்புகிறேன்.