சிறுமியும் விலங்கு நண்பனும்: படம் சொல்லுங்களேன்

வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது. ஒரு சிறுமியும் அவளோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு விலங்கும் வருகிற அனிமேஷன் படங்கள்தான் இப்போது அவளுக்கு வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' (1988) பார்த்தாயிற்று. மழையில் பேருந்து நிறுத்தத்தில் தலையில் ஓர் இலையோடு வந்து நிற்கும் டோட்டோரோவுக்குப் படத்தில் வரும் அக்கா குடை கொடுப்பாள். குடைமேல் சொட்டு விழும் சத்தம் பிடித்துப்போய் அது ஒரு குதி குதிக்க, மரத்திலிருந்த தண்ணீரெல்லாம் கொட்டும். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறாள். டோட்டோரோ காட்டு ஆவிதான், ஆனால் இவளுக்கு அது பெரிய பூனை. நானும் மறுக்கவில்லை.

அப்புறம் 'அபாமினபிள்' (2019). பனிமனிதக் குட்டியை இமயமலையில் விட்டுவிட்டு வரும்போது ஒரே அழுகை. 'உல்ஃப்வாக்கர்ஸ்' (2020) அழகான படம்தான், ஆனால் ஓநாய் வேட்டையெல்லாம் வருவதால் இன்னும் சில வருடம் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விலங்கு சாகக் கூடாது, கடைசியில் பிரியவும் கூடாது. வில்லன் இல்லாவிட்டால் ரொம்ப நல்லது. விலங்கு பேசாமல் இருந்தால் எனக்கும் பிடிக்கும்! அவளுக்கு சப்டைட்டில் படிக்க வராது, அதனால் தமிழ் டப்பிங் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். வசனம் குறைவான படமென்றாலும் சரி.