ஸ்லீவ் (இரைப்பையைச் சிறிதாக்கும்) அறுவைச் சிகிச்சை முடிந்து 14 மாதம், இப்போது கர்ப்பம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். எடைக்குறைப்புச் சிகிச்சைக்குக் காப்பீட்டு ஒப்புதல் வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 41 இருந்தும் முதல் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். பழைய எடைக் குறிப்புகள், தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்கான பரிசோதனை அறிக்கை எல்லாம் சேர்த்து மேல்முறையீடு செய்த பிறகுதான் கிடைத்தது. அந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் தயங்காமல் கேளுங்கள், ஒவ்வொரு தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சரி, என் கேள்வி வேறு. எடை வேகமாக இறங்கும் காலத்தில் குழந்தைக்குச் சத்து போதாமல் போகலாம், 12 முதல் 18 மாதம் பொறுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நேற்றுக் காலை பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடுகள். இரண்டாவது மங்கல்தான், ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தோஷத்தில் அழுதேன், கூடவே பயமும் வந்துவிட்டது. போன ரத்தப் பரிசோதனையில் பி12 பரவாயில்லை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) குறைவு.

வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன். அதற்குள் உங்களிடம் கேட்க வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாதே, வாந்தி இருக்கும் நாளில் எப்படிப் பிரித்துப் போட்டீர்கள்? குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை சிலருக்குப் படபடப்பு, மயக்கம் தரும் என்கிறார்கள். அதற்குப் பதிலாக வீட்டிலேயே விரலில் குத்திப் பார்த்தவர்கள் உண்டா? அப்புறம், இத்தனை பாடுபட்டுக் குறைத்த எடை மறுபடி ஏறுவதைப் பார்க்க மனதை எப்படித் தேற்றிக்கொண்டீர்கள்?