இந்தியா – சீனா: கல்விவாரி மக்கள்தொகைக் கணிப்பை 2100 வரை ஒப்பிடுவது எப்படி?

மாறன்_தரவு:
வியன்னாவின் விட்கென்ஸ்டைன் மையம் (மக்கள்தொகை ஆய்வு மையம்) தளத்திலிருந்து இந்தியா, சீனா இரண்டுக்கும் கல்விவாரிக் கணிப்பை எடுத்திருக்கேன். எஸ்எஸ்பி2 (எஸ்எஸ்பி என்பது எதிர்காலம் எப்படிப் போகலாம் என்ற அனுமானத் தொகுப்பு; 2 நடுத்தரப் பாதை), எல்லா வயதும், ஆறு கல்விப் பிரிவு. பள்ளிக்கு மேல் படித்தவர்களை மொத்த மக்கள்தொகையால் வகுத்து கிராஃப் போட்டால் இந்தியக் கோடு நினைத்ததைவிட ரொம்பக் கீழே ஓடுது. மொத்த எண்ணிக்கையும் ஐநா கணிப்போடு ஒத்துவரலை. எங்கே உதைக்குது?

பிரமிடு:
வகுக்கிற எண்ணில்தான். 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கல்வி நிலையே கிடையாது. ஃபைலில் தனி வரியாக இருப்பார்கள். இந்தியாவில் குழந்தைகள் பங்கு அதிகம், அதனால் மொத்தத்தால் வகுத்தால் இந்தியாவுக்குத்தான் அடி அதிகம். 15–19, 20–24ஐயும் சேர்க்காதீங்க, பலர் படிப்பை முடித்தே இருக்க மாட்டார்கள். 25க்கு மேல் மட்டும் எடுங்க. இளைய தலைமுறையைப் பார்க்கணும்னா 30–34 போதும்.

ஐநா தன் கணிப்பைக் கல்விவாரியாகப் பிரிப்பதில்லை. வியன்னா ஆட்கள் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு அனுமானங்களைத் தாங்களே போடுகிறார்கள். மொத்தம் வேறாகத்தான் வரும். ஐநா எண்ணுக்கு ஏற்றாற்போல் இழுத்துச் சரிக்கட்டினால் வயதமைப்பும் கல்வியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போய்விடும்.

அப்புறம், எண்கள் ஆயிரத்தில்: 14,00,000 என்றிருந்தால் 140 கோடி. இரண்டு நாட்டையும் ஒரே பதிப்பிலிருந்து எடுத்தீங்களான்னும் பாருங்க. 2010, 2015, 2020 என்று தொடக்க ஆண்டே பதிப்புக்குப் பதிப்பு வேறு.

நிலா_எஸ்:
பிரிவுகளின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளடக்கம் ஒன்றல்ல. கீழ் இடைநிலை முடித்தவர் என்றால் இந்தியாவில் 5+3, அதாவது எட்டாம் வகுப்பு. சீனாவில் பெரும்பாலும் 6+3, ஒன்பது வருடம் (ஷாங்காயில் 5+4). 1986 சட்டம் கட்டாயமாக்கியது இந்த ஒன்பதைத்தான். சராசரிப் பள்ளி ஆண்டுகளை ஒப்பிடும்போது இந்த ஒரு வருட வித்தியாசம் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

உயர்கல்வியில் இன்னும் சிக்கல். சீனாவின் 2020 கணக்கெடுப்பு லட்சத்துக்கு 15,467 பேர் பல்கலைக்கழகக் கல்வி பெற்றவர்கள் என்கிறது. அதில் மூன்றாண்டு 'தாச்சுவான்' (பட்டத்துக்குக் கீழான, டிப்ளமா போன்ற கல்லூரிப் படிப்பு) படித்தவர்களும் அடக்கம். நம் ஊரில் பட்டதாரி என்றால் பாலிடெக்னிக் டிப்ளமா அதில் வராது. எனவே பள்ளிக்கு மேல் எல்லாவற்றையும் இரு நாட்டிலும் ஒரே கூடையில் போடுங்க. இளங்கலை, முதுகலை என்று பிரித்து 2100 வரை கோடு இழுப்பது என் கணக்கில் வீண் வேலை.

இந்தியாவின் கடைசிக் கணக்கெடுப்புத் தரவு 2011ஐச் சேர்ந்தது. அதற்குப் பிந்தையது மாதிரி ஆய்வுகளை நம்பி நிற்கிறது. ஆகவே 2020ஆம் ஆண்டின் இந்தியப் புள்ளியையே, அதுவும் துல்லியமில்லை என்று தெரிய, கொஞ்சம் தடித்த கோடாக வையுங்க.

பிரமிடு:
பங்கையும் எண்ணிக்கையையும் தனித்தனி கிராஃபாகப் போடுங்க, சீனாவுக்கு இது கட்டாயம். 2016இல் அங்கே பிறந்தவர்கள் 1.786 கோடி, 2023இல் 90.2 லட்சம். இவர்களுக்கு 25 வயதாவது 2041லும் 2048லும். இறப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், முதல் கூட்டத்தில் 60% பேர் கல்லூரி முடித்தாலும் 1.07 கோடி, இரண்டாவதில் 90% முடித்தாலும் 81 லட்சம்தான். பங்கு ஏறும், தலை எண்ணிக்கை இறங்கும்.

சரிபார்க்க ஒரு வழி: 2020இல் 30–34 வயதினரை எடுத்து, 2060இல் 70–74 வரிசையோடு ஒப்பிடுங்க. படித்தவர்கள் பங்கு கொஞ்சம் கூடியிருக்கும். வயதான பிறகு காலேஜ் போனார்கள் என்று அர்த்தமில்லை. படித்தவர்களின் இறப்பு விகிதம் குறைவு என்று மாடலில் வைத்திருப்பதால் வருவது. பங்கு குறைந்திருந்தால் எங்கேயோ வரி மாறி ஒட்டியிருக்கிறது.

மாறன்_தரவு:
25+ போட்டதும் கோடு சரியாயிடுச்சு, நன்றி. பெண்கல்வியால் இந்தியாவின் மொத்தம் எவ்வளவு குறையும்னு பார்க்க, எஸ்எஸ்பி3இலிருந்து (கல்வி மெதுவாகப் பரவும் பாதை) எஸ்எஸ்பி2ஐக் கழித்தால் போதுமா?

நிலா_எஸ்:
போதாது. எஸ்எஸ்பி3இல் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு, கல்வி நாலுமே மாறுகின்றன. பழைய பதிப்புகளில் எஸ்எஸ்பி2-சிஇஆர் என்று ஒன்று உண்டு: மற்றதெல்லாம் அப்படியே, பள்ளிச் சேர்க்கை விகிதம் மட்டும் உறைந்து நிற்கும். அதே பதிப்பின் எஸ்எஸ்பி2ஓடு அதைக் கழித்தால்தான் கல்வியின் பங்கு தனியாகத் தெரியும்.

இந்தியாவில் இந்த விளைவுக்கு இடம் இருக்கிறது: 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் பள்ளியே போகாத பெண்களுக்குச் சராசரி 2.8 குழந்தை, 12 வருடமோ மேலோ படித்தவர்களுக்கு 1.8. ஆனால் முதல் இருபது வருடம் இரண்டு கோடும் ஒட்டியேதான் போகும். இன்று ஒன்றாம் வகுப்பில் சேரும் பெண் குழந்தை தாயாகும் வயதுக்கு வந்த பிறகுதான் இடைவெளி விரியும். அதனால் கிராஃபை 2040ஓடு நிறுத்திடாதீங்க.